படம் பார்த்துச் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சைகள்: எதற்குப் போகலாம், எதில் யோசிக்க வேண்டும்

மாத்திரையும் உடற்பயிற்சியும் போதாமல், பெரிய அறுவைக்கும் மனம் வராமல் நிற்கும் முதுகுவலிக்காரருக்கு இன்று முதலில் சொல்லப்படுவது சிறுதுளை சிகிச்சைதான். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஓர் ஊசியையோ மெல்லிய குழாயையோ முதுகெலும்புப் பக்கம் செலுத்தி, மருந்து விடுவார்கள், நரம்பைச் சுடுவார்கள், எலும்புக்குள் சிமென்ட் நிரப்புவார்கள், அல்லது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தால் அதை எடுப்பார்கள். "தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்ற ஒரே வரியின் கீழ் இவை எல்லாம் ஒரே சரக்கைப் போல அடுக்கப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றின் தரமும் வேறு, ஆதாரமும் வேறு, ஆபத்தும் வேறு. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசிமுனை எங்கே நிற்கிறது என்பதைத் திரை துல்லியமாகக் காட்டும். வலி எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதை அதே திரை சொல்லாது. எம்ஆர்ஐயும் தனியாக அதைச் சொல்லிவிடாது. வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் வீக்கம் இருபதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். ஆகவே ரிப்போர்ட்டில் "பல்ஜ்" என்று அச்சாகியிருப்பதை மட்டும் வைத்து அதே மட்டத்தில் ஊசி போட்டால், பலன் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும். நோயாளி சொல்லும் வலியின் பாதை, கால் தசையின் வலு, உணர்வு குறைந்த தோல் பகுதி, படத்தில் தெரியும் மட்டம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இந்தச் சிகிச்சைகளில் தோற்றுப்போனவற்றில் பெரும்பகுதி இந்தப் பொருத்தம் பார்க்காமல் செய்தவைதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

திரையும் கருவியும்

பெரும்பாலான ஊசிகளுக்கு சி-ஆர்ம் எனப்படும் நகரும் எக்ஸ்ரே கருவியே போதும். அதைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்பதைச் சில அடையாளங்களால் கண்டுகொள்ளலாம். ஊசி போடும் முன்பே, இலக்கு முள்ளெலும்பின் தட்டு ஒரே கோடாகத் தெரியும்வரை கருவியைச் சாய்த்து நேராக்குவார்கள். நேர்ப்படம் ஊசி இடமா வலமா என்பதைக் காட்டும்; ஆழத்தைக் காட்டாது. ஆழம் பார்க்கப் பக்கவாட்டுப் படமோ சாய்வுப் படமோ கட்டாயம் எடுக்க வேண்டும். ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு மருந்தை ஏற்றும் இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் பயனில்லை.

படமே இல்லாமல், கையால் தடவிப் பார்த்து, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடியூரல் இடைவெளியில் ஊசி போடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வால் எலும்புத் துளை வழியாக இப்படிப் போடும்போது நான்கில் ஒரு முறையாவது இலக்கு தவறுகிறது என்று பழைய ஆய்வுகளே காட்டிவிட்டன. நாள்பட்ட வலிக்காகத் திட்டமிட்டுச் செய்யும் ஊசியில் இதற்கு நியாயம் கிடையாது.

சிடி வழிகாட்டல் எலும்பையும் அருகிலுள்ள உறுப்புகளையும் நன்றாகக் காட்டும். கழுத்து, மார்புப் பகுதி, கட்டியிலிருந்து திசு எடுப்பது போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் மருந்து ரத்தக் குழாய்க்குள் ஓடும் அந்தக் கணத்தை, ஓடும் படமாகக் காட்டும் சி-ஆர்ம் அளவுக்கு அது காட்டாது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் ஒலி எலும்பைத் தாண்டாது. அதனால் வால் எலும்புத் துளை, முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் இடுப்புக்கூட்டு மூட்டு, கழுத்தின் மெல்லிய நரம்புக் கிளைகள் போன்ற ஆழமில்லாத இலக்குகளுக்கே அது உதவும். கதிர்வீச்சைப் பொறுத்தவரை, பழகிய கையில் ஓர் இடுப்பு ஊசிக்குக் கதிர் எரியும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விட்டுவிட்டு எரியும் முறை, தேவையான இடத்தை மட்டும் காட்டும்படி கதிரைக் குறுக்குவது, கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்தி வைப்பது ஆகிய மூன்றும் அளவை வெகுவாகக் குறைக்கும்.

எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி

அதிகம் செய்யப்படுவதும் அதிகம் தவறாகப் பரிந்துரைக்கப்படுவதும் இதுதான். மூன்று வழிகள் உண்டு: நரம்பு வெளியேறும் துளை வழி, இரண்டு முள்ளெலும்புகளின் பின்தகடுகளுக்கு நடுவே, வால் எலும்புத் துளை வழி.

டிஸ்க் பிதுங்கி ஒரு குறிப்பிட்ட நரம்பு வேரை அழுத்தி, வலி ஒரே காலில் கோடு போட்டதுபோல் இறங்கினால் முதல் வழியே சிறந்தது. மருந்து நரம்பு வேருக்கும் டிஸ்க்குக்கும் இடையே போய்ச் சேர்வது இதில்தான். 2010-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 150 பேரை ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். இந்த வழியில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. அதே இடத்தில் மரப்பு மருந்து மட்டும் பெற்றவர்கள், உப்புநீர் பெற்றவர்கள், தசையில் ஊசி பெற்றவர்கள் எவரும் 21 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆக, இதில் உண்மையான பலன் உண்டு. ஆனால் அது பாதிப் பேருக்குத்தான், அதுவும் காலம் செல்லச் செல்லக் குறையும். பிதுங்கிய டிஸ்க் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே சுருங்குகிறது. அதுவரை தூங்கவும் நடக்கவும் இந்த ஊசி அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அளவுக்கு எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாற மாட்டார்.

செய்முறை இப்படி: நோயாளி குப்புறப் படுப்பார், வயிற்றுக்குக் கீழ் தலையணை. தோலைக் குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹாலால் துடைத்து, அது முழுதாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். சி-ஆர்மைச் சாய்த்து, பெடிக்கிள் எனப்படும் எலும்புத் தூணின் அடிப்பகுதியை இலக்காக்குவார்கள். 22 அல்லது 25 கேஜ் (எண் கூடக் கூட ஊசி மெலியும்), மூன்றரை அங்குல ஊசி. பருத்த உடலுக்கு ஐந்து அங்குலம். ஊசியைத் தள்ளும்போது கால் மின்சாரம் பாய்ந்ததுபோல் துடித்தால் உடனே சொல்ல வேண்டும். முனை நரம்பைத் தொட்டிருக்கிறது, பின்னிழுத்துத் திசை மாற்றுவார்கள். பிறகு அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை கான்ட்ராஸ்ட், அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் சாயம். அது நரம்பு வேரை ஒட்டி ஓடி, பெடிக்கிளுக்கு உள்பக்கமாக ஏறுவது திரையில் தெரிய வேண்டும். அதன் பின்னரே மருந்து.

இந்தக் கான்ட்ராஸ்ட் படியை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்கக் கூடாது. இடுப்புப் பகுதியில் பத்தில் ஒரு ஊசியின் முனையாவது ரத்தக் குழாய்க்குள் போய் நிற்கிறது. கழுத்தில் அதைவிட அதிகம். சிரிஞ்சை இழுத்துப் பார்த்து ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியடைய முடியாது. குழாய்க்குள் இருந்தும் ரத்தம் வராமல் போவது பாதிக்கும் மேற்பட்ட முறை நடக்கிறது. கான்ட்ராஸ்ட் ஏற்றும்போதே ஓடும் படமாகப் பார்த்தால்தான், ஒரு நொடியில் அடித்துச் செல்லப்படும் அந்த மெல்லிய கோடு கண்ணில் படும். ஏற்றிவிட்டு நிறுத்திய படத்தில் அது மறைந்திருக்கும்.

இதில் கவனக்குறைவுக்கு விலை பெரிது. தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கும் ஆடம்கீவிச் தமனி பெரும்பாலானோருக்கு இடதுபக்கம், 9-வது மார்பு முள்ளெலும்புக்கும் 2-வது இடுப்பு முள்ளெலும்புக்கும் இடையே நுழைகிறது. டிரையம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்ற துகள் உள்ள ஸ்டீராய்டு அதற்குள் போனால் துகள்கள் குழாயை அடைத்து, கால்கள் நிரந்தரமாக முடங்கலாம். கழுத்தில் இதே விபத்து மூளைத்தண்டுவரை போகும். டெக்ஸாமெதசோனில் அப்படிப்பட்ட துகள் இல்லை. 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எபிடியூரல் ஸ்டீராய்டால் அரிதாகப் பக்கவாதம், பார்வை இழப்பு, மரணம் நேரலாம் என்று மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே எச்சரிக்கை சேர்க்கச் செய்தது. அடுத்த ஆண்டு வந்த நிபுணர் குழுவின் நெறிமுறை, கழுத்தில் நரம்புத் துளை வழியாகத் துகள் உள்ள ஸ்டீராய்டு போடவே கூடாது என்றது. இடுப்பிலும் முதல் ஊசிக்கு டெக்ஸாமெதசோன் போன்ற துகளற்ற மருந்தையே எடுக்கச் சொன்னது. "எந்த ஸ்டீராய்டு போடுகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே போடும் ஊசி, இரு கால்களிலும் வலி உள்ளவருக்குப் பொருந்தும். கழுத்தில் இதை 7-வது கழுத்து முள்ளெலும்புக்கும் முதல் மார்பு முள்ளெலும்புக்கும் இடையே செய்வதே நல்லது, 6-7 மட்டத்துக்கு மேலே கூடாது என்று அதே நெறிமுறை சொல்கிறது. மேலே போகப் போக எபிடியூரல் இடைவெளி மெலிகிறது. ஊசி துளைத்துச் செல்ல வேண்டிய மஞ்சள் தசைநார் நடுக்கோட்டில் சிலருக்கு ஒட்டாமல் இருப்பதால், தடை விலகும் உணர்வைக் கை தவறவிடலாம். அடுத்தது தண்டுவடம்தான். இதனால் கழுத்து ஊசிக்கு ஆழ்ந்த மயக்கம் கொடுக்கக் கூடாது. ஊசி தவறான இடத்தைத் தொட்டால் அதைச் சொல்ல நோயாளி விழித்திருக்க வேண்டும். வால் எலும்பு வழி பாதுகாப்பானது, ஏற்கெனவே அறுவை நடந்து தழும்பேறிய முதுகுக்குக் கைகொடுக்கும். ஆனால் மருந்து மேலே ஏற 10 மில்லி அல்லது அதற்கு மேல் கரைசல் வேண்டும், நரம்பு வேருக்குச் சேரும்போது நீர்த்திருக்கும்.

தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்கு, அதாவது சிறிது தூரம் நடந்ததும் கால் கனத்து உட்கார வேண்டியவர்களுக்கு, இந்த ஊசியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. 2014-ல் 400 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு சேர்த்த ஊசி, மரப்பு மருந்து மட்டும் உள்ள ஊசியைவிட ஆறு வாரத்தில் சொல்லும்படியான நன்மை எதையும் தரவில்லை. கால் வலியே இல்லாத வெறும் இடுப்புவலிக்கும் இது வேண்டாம். 2025-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் வழிகாட்டல் குழு இன்னும் கடுமையாகப் பேசியது: மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, புற்றுநோயோ அழற்சி மூட்டுநோயோ காரணமல்லாத முதுகெலும்பு வலிக்கு, நரம்பு வலி உட்பட, எபிடியூரல் ஊசி, மூட்டு ஊசி, நரம்பு சுடுதல் எதுவும் வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. வலி மருத்துவச் சங்கங்கள், பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளையும் கண்டபடி சேர்த்த நோயாளிகளையும் ஒன்றாகக் கலந்து கணக்குப் போட்டதாக மறுத்தன. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லும் உரிமை, நிஜமாகவே பொருத்தம் பார்த்துச் செய்பவர்களுக்கு மட்டுமே உண்டு.

"மூன்று ஊசித் தொகுப்பு" என்று முன்கூட்டியே விற்கப்படுவதை மறுத்துவிடுங்கள். முதல் ஊசியின் பலனை இரண்டு வாரமாவது பார்த்த பிறகே அடுத்ததைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்றிலேயே குணமானவருக்கு மற்ற இரண்டும் வீண். முதலாவது துளியும் பலிக்காதவருக்கு இடமோ நோயறிதலோ தவறு என்றே பொருள்.

ஃபேசட் மூட்டும் ரேடியோ அலையும்

முதுகெலும்பின் பின்புறம் இரு பக்கமும் உள்ள சிறு மூட்டுகள்தான் ஃபேசட் மூட்டுகள். இவற்றின் வலி இடுப்பிலும் பிட்டத்திலும் நிற்கும், முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் போகாது. படத்தில் மூட்டு தேய்ந்திருப்பது எதையும் நிரூபிக்காது. சோதனை ஊசி ஒன்றே வழி. ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நரம்புக் கிளைகள். இடுப்பு 4-5 மூட்டுக்கு 3-வது, 4-வது நரம்புகளின் கிளைகள். ஒரு மூட்டுக்கு ஓர் ஊசி மட்டும் போட்டு "சோதனை முடிந்தது" என்றால் அது பாதிச் சோதனை.

இங்கே அளவுதான் உயிர்நாடி. ஒரு கிளைக்கு 0.3 முதல் 0.5 மில்லி மரப்பு மருந்து போதும். இரண்டு மில்லி விட்டால் அது பக்கத்துத் தசைக்கும் நரம்பு வேருக்கும் பரவி, எதனால் வலி குறைந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். சோதனைக்கு முன் வலி மருந்தும் தூக்கம் வரும் மருந்தும் கொடுத்தாலும் இதே குழப்பம். ஊசி போட்ட சில மணி நேரத்துக்கு, வழக்கமாக வலி தரும் வேலைகளைச் செய்து பார்த்து, அரைமணிக்கு ஒருமுறை வலியைப் பத்துக்கு இத்தனை என்று குறிக்க வேண்டும். வேறொரு நாளில் இன்னொரு மரப்பு மருந்தால் மறுபடியும் சோதித்து, இரண்டிலும் 80 சதவீதம் குறைந்தால், ரேடியோ அலைச் சூட்டால் அந்த நரம்புக் கிளைகளைச் சுடுவது பலிக்க நல்ல வாய்ப்பு. ஒரே சோதனை, 50 சதவீதம் போதும் என்று கறாரைத் தளர்த்தினால் பலிக்காதவர்கள் கூடுவார்கள். 2017-ல் நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்த மூன்று சோதனைகளில், உடற்பயிற்சியோடு சுடுதலைச் சேர்த்ததால் பொருட்படுத்தத்தக்க நன்மை இல்லை என்று வந்ததற்கு, இந்தத் தளர்வே ஒரு காரணம் என்று விமர்சனம் எழுந்தது.

சுடும்போது மின்முனையின் வெற்றுப் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர். சாதாரண மின்முனையில் சூடு பக்கவாட்டில்தான் பரவும், முனைக்கு முன்னால் அதிகம் போகாது. எனவே அது நரம்புக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் நரம்பின் ஒரு புள்ளி மட்டும் வெந்து, சில வாரத்தில் வலி திரும்பும். "போன முறை மூன்று வாரம்தான் நின்றது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். 20 அல்லது 22 கேஜைவிடத் தடித்த 18 அல்லது 16 கேஜ் மின்முனை பெரிய பரப்பைச் சுடும். சுடுவதற்கு முன் 2 ஹெர்ட்ஸ் மின்தூண்டல் கொடுத்துக் கால் துடிக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். முதுகின் ஆழத்தசை மட்டும் துடித்தால் சரியான இடம். பிறகு 80 டிகிரி செல்சியஸ், 90 விநாடி. சரியாகச் செய்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிவாரணம். நரம்பு மறுபடி வளரும், வலி திரும்பும், மறுபடி சுடலாம். முதல் இரண்டு வாரம் வெயிலில் வெந்ததுபோன்ற தோல் எரிச்சல் வரக்கூடும். தோல்வி என்று பயப்பட வேண்டாம்.

இரட்டைச் சோதனையில் தேறியவருக்கு இது எங்கள் பட்டியலில் மேலே நிற்கும் சிகிச்சை. சோதனை இல்லாமல் நேரே சுடுவதற்கு அழைத்தால் எழுந்து வந்துவிடலாம்.

இடுப்புக்கூட்டு மூட்டுக்கு வலியைத் தூண்டிப் பார்க்கும் கைச்சோதனைகளில் குறைந்தது மூன்றில் வலி தூண்டப்பட வேண்டும், பிறகு மூட்டின் கீழ்ப்பகுதியில் ஊசி. அங்கே நரம்புக் கிளைகள் ஆளுக்கு ஆள் மாறுவதால் சுடுதலின் பலன் ஃபேசட் அளவுக்கு நிச்சயமில்லை.

எலும்பு சிமென்ட்

எலும்புத் தேய்வால் முள்ளெலும்பு நொறுங்கியவருக்கு, அதற்குள் சிமென்ட் செலுத்தும் முறை 1984-ல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கியது. கலிபெர், தெராமோன் இருவரும் முதலில் செய்தது கழுத்தெலும்பின் ரத்தக்குழாய்க் கட்டி ஒன்றுக்கு. பலூனால் முதலில் குழி உண்டாக்கிச் சிமென்ட் நிரப்பும் கைபோபிளாஸ்டி 1990-களில் வந்தது.

இதன் வரலாறு, ஏன் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். வலி அப்படியே பறந்துவிடுகிறது என்று ஆண்டுக்கணக்காகச் செய்தபின், 2009-ல் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. தோலையும் எலும்பு உறையையும் மரத்துப் போகச் செய்து, சிமென்ட் செலுத்தாமல் செலுத்தியதுபோல் நடித்த குழுவுக்கும் அதே அளவு வலி குறைந்திருந்தது. 2018-ல் நெதர்லாந்து ஆய்வும் அதையே சொன்னது. மாறாக 2016-ல் ஆஸ்திரேலியாவில், முறிந்து ஆறு வாரத்துக்குள், வலி பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ இருந்த 120 பேரிடம் செய்தபோது சிமென்ட் தெளிவாக முந்தியது. எங்கள் கணிப்பு இதுதான்: படுக்கையை விட்டு எழ முடியாத கடும் வலி, புது முறிவு, எம்ஆர்ஐயின் ஸ்டிர் படத்தில் எலும்புக்குள் நீர்க்கோப்பு வெளிச்சமாகத் தெரிவது, தட்டிப்பார்க்கும் இடத்திலேயே வலி என எல்லாம் கூடினால் செய்யலாம். புற்றுநோய் பரவி நொறுங்கிய எலும்புக்கும் பயன் உண்டு. பல மாதப் பழைய முறிவு ஆறிப்போய் நீர்க்கோப்பு மறைந்திருந்தால் வேண்டாம்.

பெடிக்கிள் வழியாக 11 அல்லது 13 கேஜ் ஊசி. இதில் பெரிய தவறு பெரும்பாலும் நேரத்தில் நடக்கிறது. பிஎம்எம்ஏ எனப்படும் சிமென்ட்டின் தூளையும் திரவத்தையும் கலந்ததும் அது தண்ணீராக இருக்கும். அப்போதே ஏற்றினால் ரத்தச் சிரை வழியாக நுரையீரலுக்கோ தண்டுவடப் பக்கமோ கசியும். பற்பசைப் பதம் வரும்வரை காத்திருந்து, பக்கவாட்டுத் திரையை விடாமல் பார்த்தபடி சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். சிமென்ட்டின் நிழல் எலும்பின் பின்சுவரை நெருங்கியதும் நிறுத்த வேண்டும். டிஸ்க்குக்குள் கசிந்தால் பக்கத்து எலும்பு நொறுங்கும் வாய்ப்பு கூடும். எலும்பில் கிருமித்தொற்று இருந்தாலும் ரத்தம் உறையாக் கோளாறு இருந்தாலும் தொடவே கூடாது. சிமென்ட் வைத்துவிட்டு எலும்புத் தேய்வுக்கு மருந்து தொடங்காமல் அனுப்புவது பாதி வைத்தியம்.

எண்டோஸ்கோப்பில் டிஸ்க் அகற்றல்

கால்வலியும் எம்ஆர்ஐயும் பொருந்தி, ஆறு வாரத்துக்கு மேலும் குறையாதவருக்கு இது நேர்மையான தேர்வு. ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கீறல், முதுகின் பக்கவாட்டிலிருந்து, 'காம்பின் முக்கோணம்' எனப்படும் நரம்பு வேரை ஒட்டிய பாதுகாப்பான இடைவெளி வழியாகக் குழாய், ஓடும் உப்புநீர், மரப்பு மருந்து மட்டும். நெதர்லாந்தில் 613 பேரிடம் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் கால்வலி குறைவதில் இது வழக்கமான நுண்ணறுவைக்குப் பின்தங்கவில்லை. இடர்ப்பாடுகள்: மேலே வெளியேறும் நரம்பு வேரைக் குழாய் நசுக்கினால் வாரக்கணக்கில் காலில் எரிச்சல், தொலைவில் நகர்ந்துவிட்ட துண்டு கைக்கு எட்டாமல் தங்கிவிடுவது, 5-வது இடுப்பு முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் இடைப்பட்ட (5-1) மட்டத்தில் இடுப்பெலும்பு உயரமாக இருந்தால் பக்கவாட்டு வழி அடைபடுவது, அப்போது பின்வழியாகப் போக வேண்டும். கற்றுத்தேற வெகுகாலம் பிடிக்கும் கைவேலை இது. செய்பவரின் அனுபவ எண்ணிக்கையையும், மறு அறுவை எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்பதையும் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

டிஸ்க்குக்குள் லேசர், ஓசோன் வாயு, மின்பிளாஸ்மா என்று வருபவற்றுக்கு ஆதாரம் மெலிவு. பிய்ந்து வெளியேறிய துண்டை இவை எவையும் எடுக்காது. டிஸ்க்குக்குள் கான்ட்ராஸ்ட் ஏற்றி வலியைத் தூண்டிப் பார்க்கும் சோதனையைச் சாதாரணமாக ஒப்புக்கொள்ள வேண்டாம். குத்தப்பட்ட டிஸ்க்குகள் பத்தாண்டில் வேகமாகத் தேய்ந்ததை 2009-ல் ஒரு தொடராய்வு காட்டியது. எலும்புக்குள் ஓடும் பேசிவெர்டிப்ரல் நரம்பை 85 டிகிரியில் 15 நிமிடம் சுடும் முறை, எம்ஆர்ஐயில், டிஸ்க்கை ஒட்டிய எலும்பில் மோடிக் 1 அல்லது 2 எனப்படும் மாற்றம் உள்ள, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடுப்புவலிக்கு நம்பிக்கை தருகிறது. தயாரிப்பாளர்களைச் சாராத போலிச் சிகிச்சை ஒப்பீடுகள் இன்னும் வேண்டும்.

போவதற்கு முன்

ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். எபிடியூரலுக்கு வார்ஃபாரினைப் பொதுவாக 5 நாள் நிறுத்தி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்ப்பார்கள், குளோபிடோக்ரெல் 7 நாள், அபிக்சபான், ரிவராக்சபான் 3 நாள். ஃபேசட் சோதனை ஊசிக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டுக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், கட்டுப்பாட்டில் இல்லாதவர் ஊசியைத் தள்ளிப்போடலாம். காய்ச்சல், தோல் புண், சிறுநீர்த்தொற்று இருந்தால் ஊசி வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் எக்ஸ்ரேக்கு முன் சொல்ல வேண்டும்.

எந்தக் கான்ட்ராஸ்ட் என்றும் கேளுங்கள். தண்டுவட உறைக்குள் தவறிப் போனாலும் தாங்கக்கூடிய ஐயோஹெக்ஸால், ஐயோபமிடால் போன்றவையே இங்கே பயன்பட வேண்டும். அயோடின் ஒவ்வாமை உள்ளவருக்கு, அதற்குப் பதிலாக எம்ஆர்ஐயில் பயன்படும் கடோலினியத்தைப் போடும் வழக்கம் உண்டு; அது உறைக்குள் போனால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். மருந்துக்குப்பி தயாரிப்பாளரிடமிருந்து மூடியபடி வந்ததா என்பதும் முக்கியம். 2012-ல் அமெரிக்காவில் ஒரு மருந்து கலப்பகத்தின் பூஞ்சை கலந்த மெத்தில்பிரெட்னிசலோனால் 750-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், 60-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கே ஊசி போட்ட கைகளில் தவறில்லை, குப்பியில்தான் இருந்தது.

செய்த பிறகு

மரப்பு மருந்தால் முதல் சில மணி நேரம் கால் தளரலாம். அன்று வண்டி ஓட்டக் கூடாது, மாடிப்படியில் துணை வேண்டும். முதலில் கிடைக்கும் நிவாரணம் மரப்பு மருந்துடையது. அது தீர்ந்து வலி திரும்பி, ஸ்டீராய்டு வேலைசெய்ய இரண்டு நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகும். உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் குறையும் தலைவலி, தண்டுவட உறை துளைபட்டதன் அடையாளம். நீர் அருந்திப் படுத்தும் குறையாவிட்டால், சொந்த ரத்தத்தையே எபிடியூரல் இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. கால் வலு நேரம் செல்லச் செல்லக் குறைவது, மரப்பு மருந்தின் நேரம் முடிந்தும் உணர்வு திரும்பாதது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் அடைப்பது, முதுகில் புதிதாகக் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அறுவை செய்து அழுத்தத்தை விடுவித்தால்தான் கால்கள் மீள நல்ல வாய்ப்பு. இரவானாலும் உடனே அவசர எம்ஆர்ஐ எடுக்கக்கூடிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மட்டத்தில், எந்த மருந்து, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று எழுதிய சீட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தச் சீட்டைச் சிகிச்சை முடிந்ததுமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.